இசட்டுக்குப் பிறகு

மேற்குத் தாம்பரம்
2 செப்டம்பர் 2024

தம்பி முதாசிருக்கு அக்கா சித்திகா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் கைனாத்தும் இருக்கிறோம். நலம் என்று எழுத இன்னும் கை வரவில்லை. புனேயில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? உன் வயிறு எந்தப் புது ஊரையும் முதல் மாதம் ஏற்றுக்கொள்ளாது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ 'சரிக்கா, சரிக்கா' என்கிறாய், பிறகு சிக்னல் போய்விடுகிறது. காகிதத்தில் ஒரு பக்கம் முழுக்க 'சரிக்கா' எழுதிவிட முடியாது, பார்க்கலாம். தவிர, அவர் போன நாளிலிருந்து இத்தாவில் இருக்கிறேன். நான்கு மாதம் பத்து நாள், டிசம்பர் பன்னிரண்டுவரை வாசலைத் தாண்டப் போவதில்லை. ஜாக்கெட் தைக்கிறேன், எழுதுகிறேன். கைனாத் பள்ளிக்கூடம் போகும் வழியில் பெட்டியில் போடுகிறாள்.

கம்பெனியிலிருந்து ஒரு காகிதம் வந்தது. ஆகஸ்ட் ஆறாம் தேதி தீப்பிடித்ததும் எல்லோரையும் கேட்டுக்கு வெளியே நிறுத்திப் பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார்களாம். உன் மச்சான் பெயரையும் கூப்பிட்டார்களாம். 'ஹிதாயத்துல்லா என்ற ஒப்பந்தத் தொழிலாளர் அழைப்பை மதிக்காமல் உள்ளேயே இருந்ததால்' என்று எழுதியிருக்கிறார்கள். மதிக்காமல்! பதின்மூன்று வருஷத்தில் நான் கூப்பிட்டு அவர் திரும்பாத நாள் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டாலும் திரும்புவார்.

அந்தப் பட்டியல் கம்ப்யூட்டரிலிருந்து வருவது. உன் பழைய ஆபீஸ் போட்டுக் கொடுத்த வருகைப் பதிவு. அவரை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதும் நீதான், அதனால் உன்னைக் கேட்கிறேன். பட்டியலில் இருக்கும் ஒரு பெயர் கூப்பிடப்படாமல் போக முடியுமா?

இன்னொன்று. போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்று அவர் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தார். இன்னும் தினமும் காலை எட்டே முக்காலுக்கு மெசேஜ் வருகிறது. ஹிதாயத்துல்லா, ஆப்சென்ட். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவதில்லை.

துஆவுடன்,
சித்திகா


புனே
11 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

கடிதம் கிடைத்தது. உங்கள் கையெழுத்தைப் பார்த்துப் பல வருஷம் ஆயிற்று. முட்டி வலி எப்படி இருக்கிறது? மிஷின் மிதிக்கும்போது நடுவில் எழுந்து நடங்கள்.

நான் நன்றாக இருக்கிறேன். இங்கே ஒரே மழை. ரூமில் மூன்று பேர், ஒருவன் நாக்பூர்காரன், சப்பாத்தி அவன் போடுகிறான். ஆபீஸ் பன்னிரண்டாவது மாடியில். பழைய முதலாளி போட்ட சிபாரிசில் கிடைத்த இடம் என்பதால் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. கைனாத்துக்கு ஒரு ஸ்வெட்டர் பார்த்திருக்கிறேன், தாம்பரத்தில் எங்கே போடுவாள் என்று தெரியாமல் வாங்கவில்லை.

முட்டிக்கு அந்தத் தைலத்தையே தடவுங்கள். மச்சானுக்காக ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

உங்கள் தம்பி
முதாசிர்


மேற்குத் தாம்பரம்
19 செப்டம்பர் 2024

தம்பிக்கு, ஸலாம்.

முட்டி பரவாயில்லை. புனே மழை, நாக்பூர் சப்பாத்தி எல்லாம் தெரிந்துகொண்டேன். கேட்டதற்குப் பதில் இல்லை. உறை ஒட்டுவதற்கு முன்னால் ஒரு பக்கம் கீழே விழுந்துவிட்டதோ என்று கைனாத் கேட்டாள்.

நேற்று சாம்பசிவன் அண்ணன் வந்தார். அந்தக் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக இருந்தாரே, அவர்தான். இப்போது வேலை இல்லை. பெயர் கூப்பிட்ட ஆள் என்று சொல்லி அவரைத்தான் முதலில் வெளியே அனுப்பினார்கள். நான் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன், அவர் அந்தப் பக்கம். ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே பேசினார்.

"பிரின்டர்லேர்ந்து பேப்பர் வந்துச்சு, புட்சிகினு ஓடியாந்தேம்மா. ஏ-லேர்ந்து படிச்சேன். நாப்பத்தாறு பேரு. கட்சியா ஜைனுல் சாரு, சூப்பர்வைசரு. இசட்டு. இசட்டு வந்துட்டா முடிஞ்சுச்சுன்னுதானே அர்த்தம்? அதுக்கப்பால இன்னா எழுத்து கீது?"

"ரெண்டாவது பக்கம் வரும்னு தெரியாதாண்ணே?"

"எப்பவும் ஒரே பேப்பர்தாம்மா. ஃபயர் டிரில்லுன்னா கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு அன்னிக்கு லீவு வுட்ருவாங்க. போட்டோ எடுக்கறவன் வருவான்ல, அழுக்குச் சட்டையோட நிக்கக் கூடாதாம்."

அன்றைக்குக் கான்ட்ராக்ட் ஆட்கள் பதினேழு பேர் வேலைக்கு வந்திருக்கிறார்கள். பதினாறு பேர் தாங்களாகவே ஓடிவந்து டீக்கடை, லாரி நிறுத்துமிடம் என்று சிதறி நின்றிருக்கிறார்கள். உன் மச்சான் அவர்களோடு இருக்கிறார் என்று இவர்களும், இவர்களோடு இருக்கிறார் என்று அவர்களும் நினைத்திருக்கிறார்கள். தீயணைப்புக்காரர்கள் வந்ததும் உள்ளே யாராவது உண்டா என்று கேட்டார்களாம்.

"எல்லாம் வந்துட்டாங்க சார்னு நான்தாம்மா சொன்னேன். இந்த வாயாலதான்."

ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் கழித்துத்தான் பெயின்ட் தின்னர் வைக்கும் ரூம் கதவுக்குப் பின்னால் உன் மச்சானைப் பார்த்தார்கள். தீக்காயம் இல்லை, புகைதான். ஆள் உண்டு என்று தெரிந்திருந்தால் அந்தக் கதவைத்தான் முதலில் உடைத்திருப்போம் என்று தீயணைப்புக்காரர் ஒருவர் சாம்பசிவன் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். இதை எழுதிவிட்டு ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்தேன். இடது கையை வலதில் வைத்துவிட்டேன்.

இரண்டாவது பக்கம் பிரின்டர் தட்டிலேயே கிடந்ததாம். இரண்டையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஹெச் என்ற எழுத்து ஜி-க்கும் ஐ-க்கும் நடுவில் வர வேண்டியது. உன் மச்சான் பெயர் ஏன் இசட்டுக்குப் பிறகு இருக்கிறது? முட்டியை விட்டுவிட்டு இதற்குப் பதில் எழுது.

சித்திகா


புனே
14 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு, ஸலாம். உங்கள் நலமும் கைனாத்தின் நலமும் வேண்டுகிறேன்.

தாமதத்துக்கு மன்னியுங்கள், ஆபீஸில் வேலை அதிகம். பிரின்டரில் சில சமயம் பக்கங்கள் முன்பின்னாக வரும். பேப்பர் சிக்கியிருக்கலாம். நேரில் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. எப்படியானாலும், இரண்டாவது பக்கம் இருக்கிறதா என்று சாம்பசிவன் அண்ணன் பார்த்திருக்க வேண்டும். அது மனிதத் தவறுதான்.

இதையே நினைத்துக்கொண்டிருக்காதீர்கள். உடம்பு கெட்டுவிடும்.

முதாசிர்


மேற்குத் தாம்பரம்
21 அக்டோபர் 2024

முதாசிருக்கு, ஸலாம்.

வாசலில் முழங்கால் தண்ணீர். முடிச்சூர் பக்கம் போட் விட்டார்களாம். நாங்கள் மாடியில் இருப்பதால் தப்பித்தோம். நலம் விசாரிப்பு இத்தோடு போதும்.

போன வியாழக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு மெசேஜ் வந்தது. வழக்கம்போல் கைனாத்தான் எடுத்துப் பார்த்தாள். ஹிதாயத்துல்லா, பிரசன்ட்.

போனைக் கீழே வைத்தாள். படியிறங்கிப் போய் அந்தத் தண்ணீரில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு இத்தா. படியிலிருந்து கூப்பிட்டேன், வரவில்லை. "அத்தா சாயந்தரம் ஷிஃப்ட் முடிஞ்சுதானே வருவாங்க, நான் இங்கேயே நிக்கறேன்" என்றாள். பன்னிரண்டு வயசுப் பெண். கபர்ஸ்தானுக்கு எடுத்துக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்த பெண். மறுநாள் மறுபடியும் ஆப்சென்ட் வந்தது. எந்த மிஷின் இப்படிச் செய்யும் என்று எனக்குத் தெரியாது. எந்த மனுஷன் செய்வான் என்றும் தெரியாது.

அந்தப் பட்டியலுக்கு வருகிறேன். பக்கம் சிக்கவில்லை. கைனாத் பார்த்த உடனே சொன்னாள்: "அம்மா, மொத பேப்பர்ல எல்லாரும் கேபிடல் லெட்டர். ரெண்டாவதுல எல்லாரும் ஸ்மால் லெட்டர். ஏ-லேர்ந்து திரும்ப ஆரம்பிக்குது." நிரந்தரத் தொழிலாளிக்குப் பெரிய எழுத்து, கான்ட்ராக்ட்காரனுக்குச் சின்ன எழுத்து. பார்த்த மாத்திரத்தில் யாருக்கு போனஸ், யாருக்கு இல்லை என்று தெரிய வேண்டுமாம். தமிழில் எழுதியிருந்தால் இந்த வசதி அவர்களுக்குக் கிடைத்திருக்காது. நம் எழுத்தில் பெரிசு சின்னது கிடையாது, மற்ற எல்லாவற்றிலும் உண்டு.

கைனாத்தின் கம்ப்யூட்டர் டீச்சர் மிருதுளா மிஸ் போர்டில் எழுதிக் காட்டினாராம். கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர்தான் தெரியும். பெரிய ஏ அறுபத்தைந்து. பெரிய இசட் தொண்ணூறு. சின்ன ஏ தொண்ணூற்றேழு. சும்மா வரிசைப்படுத்து என்று சொன்னால் பெரிய எழுத்து எல்லாம் முடிந்த பிறகுதான் சின்ன எழுத்து வரும். பெரிய ஹெச் எழுபத்திரண்டு. உன் மச்சான் நூற்று நான்கு.

"இதை மாத்தவே முடியாதா மிஸ்?" என்று கேட்டிருக்கிறாள். "ஒப்பிடும்போது எல்லாத்தையும் ஒரே அளவு எழுத்தா மாத்திக்கோன்னு ஒரு வரி சேர்த்தா போதும்மா. முதல் வருஷப் பசங்களுக்கே தெரியும்" என்றாராம்.

நீ நான்கு வருஷம் படித்தவன். பிரின்டரில் பேப்பர் சிக்கியது என்று எழுதுகிறாய்.

நவம்பர் இருபத்தைந்தாம் தேதி தொழிற்சாலை ஆய்வாளரின் விசாரணை. இத்தாவில் இருக்கும் பொம்பளை வரமாட்டாள் என்று கணக்குப் போட்டு கம்பெனி மேனேஜர் ஜெயகிருஷ்ணன் கேட்டு வாங்கிய தேதி. சாம்பசிவன் அண்ணன் படிக்கத் தெரியாதவர், உன் மச்சான் கீழ்ப்படியாதவர், இத்தோடு ஃபைலை மூடிவிடுவார்கள். அந்த வரியை எழுதாமல் விட்டது யார்? உனக்குத் தெரியும். பெயரை எழுது.

சித்திகா


மேற்குத் தாம்பரம்
4 நவம்பர் 2024

முதாசிருக்கு,

உன் பதில் வரவில்லை. மெசேஜும் வரவில்லை.

இருபத்தொன்பதாம் தேதியோடு நின்றுவிட்டது. தீபாவளி லீவு என்று நினைத்தேன். இன்று திங்கட்கிழமை, கம்பெனி ஓடுகிறது, சாம்பசிவன் அண்ணனை விட்டு விசாரித்தேன். மற்ற வீடுகளுக்கெல்லாம் மெசேஜ் வந்திருக்கிறது. கம்பெனியில் யாருக்கும் அதை நிறுத்தத் தெரியாதாம். "அது அந்தப் பையன் போட்டதுப்பா, அவன்தான் தொடணும்" என்று ஆபீஸில் சொன்னார்களாம்.

நான் கைனாத்தைப் பற்றி எழுதிய கடிதம் உனக்கு இருபத்தெட்டாம் தேதி வாக்கில் கிடைத்திருக்கும். இருபத்தொன்பதாம் தேதியோடு மெசேஜ் நிற்கிறது.

ஆக, சாவி இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது. வியாழக்கிழமை பிரசன்ட் போட்டதும் நீதான்.

நீ நலமாக இருக்கிறாயா? இதை மட்டும் உண்மையாகவே கேட்கிறேன்.

சித்திகா


புனே
9 நவம்பர் 2024

அக்கா,

ஸலாம் எழுதக் கூசுகிறது. நலமாக இல்லை.

அந்த வரியை எழுதாமல் விடவில்லை. எழுதியிருந்தேன். முதல் தடவை பட்டியல் சரியாகத்தான் வந்தது. ஜெயகிருஷ்ணன் சார் பார்த்துவிட்டு, "என்னய்யா, பர்மனன்ட்டும் கான்ட்ராக்ட்டும் ஒண்ணோட ஒண்ணு கலந்து கெடக்கு? பர்மனன்ட் மேல வரட்டும், இதுங்க கீழ போகட்டும்" என்றார். எதிரிலேயே உட்கார்ந்து அந்த ஒரு வரியை அழித்தேன். மூன்று நொடி ஆகியிருக்கும். "அவசரத்துக்கும் இதே லிஸ்ட்தான் சார்" என்றேன். "அவசரம் வரட்டும் பாக்கலாம்" என்றார். சிரித்தேன் அக்கா. அவர் சிரித்தார் என்பதால் நானும் சிரித்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. மச்சான் சேர்ந்த அன்று அவர் பெயரை ஏற்றியது நான். பக்கத்தில் நின்றிருந்தார். என் மச்சினன் கம்ப்யூட்டரில் என் பெயரை அடிக்கிறான் என்று அங்கிருந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னார். பெரிய எழுத்துக்காக ஷிஃப்ட் பட்டனில் விரலை வைத்தேன். சார் பார்த்துக்கொண்டிருந்தார். விரலை எடுத்துவிட்டேன்.

இங்கே தினமும் எட்டே முக்காலுக்கு அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கிறேன். கடைசிவரை இறங்கிப் போவேன். அவர் அங்கே இருப்பார், யாரும் கூப்பிடாமல். அந்த வியாழக்கிழமை என்ன செய்கிறேன் என்று தெரியாமல் மாற்றிவிட்டேன். ஒரு நாளாவது அவர் வந்ததாக இருக்கட்டும் என்று தோன்றியது. செய்தி உங்கள் போனுக்குப் போகும் என்பது பிறகுதான் உறைத்தது. எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் இப்போது கண் கீழே போகிறது. கேன்டீன் மெனுவில்கூட.

விசாரணையில் சொன்னால் இந்த வேலை போய்விடும். அது பெரிசில்லை. சொன்ன பிறகு நீங்கள் என்னைத் தம்பி என்று எழுதுவீர்களா என்றுதான் இத்தனை நாள் பயந்தேன். எழுதாமலே போனாலும் இப்போது சரிதான்.

முதாசிர்


மேற்குத் தாம்பரம்
15 நவம்பர் 2024

முதாசிருக்கு,

படித்தேன். ஒரு வாரம் யோசித்து எழுதலாம் என்று பார்த்தால் நாள் இல்லை.

எனக்கு எழுதியதை ஆய்வாளருக்கு எழுது. பதிவுத் தபாலில் அனுப்பு. ஷிஃப்ட் பட்டன்வரை எழுது. இருபத்தைந்தாம் தேதி நேரில் வா. நானும் போகிறேன். பகலில், அவசியத்துக்கு, போகலாம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிவிட்டார்.

மெசேஜை மறுபடி போடு. அது வராத காலைகள் வந்த காலைகளைவிட மோசமாக இருக்கின்றன.

சித்திகா


புனே
20 நவம்பர் 2024

அக்காவுக்கு, ஸலாம். கைனாத்துக்கு என் அன்பு.

வாக்குமூலம் அனுப்பிவிட்டேன், ரசீது நகல் இத்துடன். மெசேஜ் நாளையிலிருந்து வரும். லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்தால் வருகிறேன்.

முதாசிர்


மேற்குத் தாம்பரம்
11 டிசம்பர் 2024

முதாசிருக்கு, ஸலாம்.

புயல் மழையில் தபால் நின்றிருந்தது, அதனால் தாமதம். கைனாத்துக்குக் காய்ச்சல் வந்து இப்போது சரியாகிவிட்டது. என் முட்டி அப்படியேதான் இருக்கிறது.

இருபத்தைந்தாம் தேதி என்னைப் பார்த்ததும் ஜெயகிருஷ்ணன் எழுந்து நின்றுவிட்டார். ஹிதாயத்துல்லா பெயரைக் கூப்பிட்டார்கள் என்று ஆய்வாளரிடம் சொன்னார். நான் இரண்டு பேப்பரையும் மேஜையில் வைத்து, சாம்பசிவன் அண்ணனை அன்று படித்தது போலவே படிக்கச் சொல்லுங்கள் என்றேன். படித்தார். ஜைனுல் பெயரைச் சொல்லிவிட்டுப் பழக்கத்தில் பேப்பரை மடித்தார். பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்குத் தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

ஆய்வாளர் உன் வாக்குமூலத்தை எடுத்தார். "அந்தப் பையன் அக்காவுக்காகச் சொல்றான் சார், நேர்ல வரச் சொல்லுங்க" என்றார் ஜெயகிருஷ்ணன். உன் பெயரைக் கூப்பிட்டார்கள். மூன்று தடவை. வராந்தாவில் ஒருவர் போய்க் கத்திக் கூப்பிட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைனாத் மட்டும் ஒவ்வொரு தடவையும் வாசல் பக்கம் திரும்பினாள்.

ஆள் வராவிட்டால் அது வெறும் காகிதம்தானாம். பதினெட்டாம் தேதிக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள், காலை பத்து மணிக்கு.

இன்று காலை எட்டே முக்காலுக்கு மெசேஜ் வந்தது. விசாரணைக்குப் பயந்து ஆபீஸில் எல்லாப் பெயரையும் அவசரமாக மாற்றி அடித்திருக்கிறார்கள் போல. ஹிதாயத்துல்லா, ஆப்சென்ட். முழுக்கப் பெரிய எழுத்தில். ஒன்றரை வருஷம் அங்கே உழைத்தும் கிடைக்காதது. கைனாத் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் பார்த்தாள்.

இத்தா நாளையோடு முடிகிறது. இனி அதை நிறுத்திவிடு.

சித்திகா


கிழக்குத் தாம்பரம்
19 டிசம்பர் 2024

அக்காவுக்கு, ஸலாம்.

ஸ்டேஷன் பக்கம் ஒரு லாட்ஜிலிருந்து எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்கு இங்கிருந்து சுரங்கப்பாதை வழியாக நடந்தே வந்துவிடலாம். நீங்கள் சொல்லும்வரை வரமாட்டேன். புனேயில் வேலையை விட்டுவிட்டேன். அவர்கள் லீவு தரவில்லை என்று போன தடவை காரணம் வைத்திருந்தேன். கொடுத்திருந்தாலும் வந்திருக்கமாட்டேன் என்பதுதான் உண்மை.

நேற்று நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. கைனாத் பார்த்தாள். வளர்ந்துவிட்டாள். வெளியே வந்ததும் சாம்பசிவன் அண்ணன் காலைத் தொடப் போனேன். "அட இன்னாப்பா நீ, வுடு, எந்திரி" என்று பிடித்து நிறுத்தி, டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயை எப்படிக் குடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

மெசேஜை நிறுத்திவிட்டேன். பெயரை அழிக்கவில்லை. சாவியை, அந்தப் பாஸ்வேர்டை, ஆய்வாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும் அக்கா. சாட்சிகள் பட்டியலை அங்கிருந்த எழுத்தர் கையால் எழுதி வைத்திருந்தார். நான் கடைசிப் பெயர். முதல் பக்கத்தில் இடம் போதாமல் பின்பக்கம் எழுதியிருந்தார். ஜெயகிருஷ்ணன் சார் பெயர் முதல் பக்கத்தின் அடியில் இருந்தது. அவர் பேசி முடித்ததும் எல்லோரும் நாற்காலியை நகர்த்தினார்கள்.

எழுத்தர் பக்கத்தைத் திருப்பினார். என் பெயரைக் கூப்பிட்டார்.

அவ்வளவுதான் அக்கா செய்ய வேண்டியிருந்தது.

முதாசிர்